கயித்தக்காவும் வால் வைத்த வார்த்தைகளும்

கயித்தக்காவுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் முழுக்கக் கட்டளைதான். அந்த மொழியில் அவருக்கு வணக்கம் சொல்லத் தெரியாது, நன்றி சொல்லத் தெரியாது, முழங்கால் வலிக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்ளவும் தெரியாது. தூக்கு, இறக்கு, திருப்பு, பிடி, விடு, கொண்டா. இந்த மாதிரி ஆறேழு வார்த்தை, அவ்வளவுதான் கைவசம் இருந்த சரக்கு. அதை வைத்துக்கொண்டு அவர் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசப் போனார்.

அவர் வேலை பார்ப்பது வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில். படிக்கட்டில் திரும்பாத சாமான்களைக் கப்பி போட்டு ஜன்னல் வழியாக ஏற்றுவார்கள். தெருவில் நின்று கயிறு கட்டுவது அக்காவின் பொறுப்பு. அதற்கு முன்னால் ஒரு சலவைக்கூடத்தில் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அங்கே இயந்திரம் ஏற்ற வந்த கம்பெனி முதலாளி, வழியில் கிடந்த ஒரு மூட்டையின் முடிச்சைப் பிரிக்க முடியாமல் பல்லால்கூடக் கடித்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா கட்டினது இது?" என்றார்.

"நான்தாங்க. அந்தக் குட்டி நுனியை லேசா இழுங்க, தானா வரும்."

இழுத்தார், வந்தது. அடுத்த வாரமே அக்கா கம்பெனியில் இருந்தார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோய், ஊருக்கெல்லாம் கயித்தக்கா ஆனார்.

மேலே ஜன்னலில் நின்று சாமானை வாங்குபவர் மீசைக்காரர். அவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் வரும். "சூபெலோ" என்று அவர் கத்தினால் மேலே ஏற்ற வேண்டும். "பாஹலோ" என்றால் இறக்க வேண்டும். "ஹீரலோ" என்றால் திருப்ப வேண்டும். "தாமெலோ" என்று கையை நீட்டினால் கொடுத்துவிட வேண்டும். அக்கா வார்த்தையைவிட அவர் கையைப் பார்த்துத்தான் அர்த்தம் பிடித்தார். ஒரு மாதத்தில் கையைப் பார்க்காமலே பிடித்தார். பிறகு இவரும் கீழேயிருந்து திருப்பிக் கத்த ஆரம்பித்தார். தெருவில் போகிறவர்கள் இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். "அந்த மீசைக்காரரு ரொம்ப மரியாதைப்பட்டவரு. எதைச் சொன்னாலும் கடைசில ஒரு 'லோ' போட்டுத்தான் சொல்றாரு. நம்ம 'ங்க' மாதிரி."

அவருடைய பெண் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். அங்கே லென்ஸ் தேய்க்கும் பையனுக்கு ஸ்பானிஷ் தாய்மொழி. அந்தப் பையன்மேல் அவளுக்கு இஷ்டம் வந்த நாளிலிருந்து அந்த மொழியும் கூடவே வந்துவிட்டது. அம்மா சொன்னதைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அது மரியாதையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லம்மா. 'லோ'ன்னா 'அதை'. அதை இறக்கு, அதைத் திருப்பு. கட்டளை போடறப்ப அந்த 'அதை' வால் மாதிரிப் பின்னாடி ஒட்டிக்கும்."

"அப்ப 'தாமெலோ'?"

"'தா'ன்னா குடு. 'மெ'ன்னா எனக்கு. 'லோ'ன்னா அதை."

"'தா'ன்னா தாதானா? அங்கயும் அப்படித்தானா?" அக்காவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "தா, எனக்கு, அதை. மூணு பெட்டி கோத்த ரயிலு."

அப்புறம் அவரே கண்டுபிடித்துக்கொண்டே போனார். அலமாரி அவர்களுக்கு ஆண், 'லோ' என்கிறார்கள்; மேசை பெண், 'லா' என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும்போது மட்டும் வால் பின்னால் நிற்பதில்லை. சுவெல்தலோ என்றால் அதை விடு. விடாதே என்பதற்கு 'நோ லோ சுவெல்தெஸ்'. "'நோ'ன்னு ஒரு அதட்டல் போட்டதும் அந்த வாலு பயந்துபோய் முன்னாடி ஓடிடுது" என்று கணவரிடம் விளக்கினார்.

கணவர் பேக்கரியில் மாவு பிசைபவர், சாதுவானவர். ஆனால் வரவர வீட்டிலும் ரயில் ஓட ஆரம்பித்ததில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். தண்ணீர்ச் செம்பு வேண்டுமா, "த்ராயெமெலோ". பரணிலிருந்து பெட்டி இறங்க வேண்டுமா, "பாஹலோ".

"தமிழ்ல 'ஏங்க, வாங்க'ன்னு கூப்பிடற. ஸ்பானிஷ்ல மட்டும் 'எடுடா, கொண்டாடா'வா?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க. சரி, அந்தத் துண்டை தாமெலோ."

அவர் கொடுத்துவிடுவார். அதுதான் வேடிக்கை. அந்தக் குரலுக்குக் கை தானாக நீளும்.

கம்பெனியில் இன்னொரு பழக்கமும் உண்டு. அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டை விட்டு வெளியேறும் சாமானுக்கு உள்ளேயே போர்வை சுற்றிக் கட்டிவிடுவார்கள். புது வீட்டு வாசலில் இறக்கியதும் போர்வையை உருவி, மடித்து, வண்டிக்குள் போட்டுவிட்டுத்தான் மேலே ஏற்றுவார்கள். "மேல போன போர்வை திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல" என்பது முதலாளியின் கொள்கை. ஒரு போர்வையை அவர் கடைசியாகப் பார்த்தது யாரோ ஒரு வாடிக்கையாளரின் நாய்க்கு அடியில். ஆகவே அக்காவின் கண்ணுக்குக் கணக்கு எளிது. போர்த்தியிருந்தால் இறங்குகிறது, போர்த்தாமல் இருந்தால் ஏறுகிறது. படிக்கட்டில் சாமானைப் பார்த்தால் யாரையும் கேட்க வேண்டியதே இல்லை.

லென்ஸ் தேய்க்கும் பையன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்ற அக்காவைப் பார்த்து, மனப்பாடம் செய்து வந்ததுபோல, "அத்தை, வா. உக்காரு" என்றான். யார் வீட்டுக்கு யார் வந்தது என்று புரியாமல் அக்கா உட்கார்ந்துவிட்டார். பையனை அந்த நிமிஷமே அவருக்குப் பிடித்துப்போயிற்று.

பாக்கி இருந்தது ஒன்றுதான். பையனின் அம்மா வாயால் சரி என்று சொல்ல வேண்டும். அந்த அம்மாள் மரியாதையில் கறார். பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை குரலை உயர்த்திப் பேசினாள் என்று இன்றுவரை அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. "எங்கம்மா ஒத்துக்காம நான் எதுவும் பண்ண மாட்டேன்" என்று பையனும் நல்ல பிள்ளையாகச் சொல்லியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் வீட்டுக்கு அழைத்திருந்தார்கள்.

பெண்ணுக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. "பெரியவங்ககிட்ட 'தாமெலோ' சொல்லக் கூடாதும்மா. 'தேமெலோ'ன்னு சொல்லணும். நம்ம 'குடு, குடுங்க' மாதிரி."

"தேமெலோ" என்று அக்கா சாதுவாகச் சொன்னார். அடுத்த நிமிஷம் அடுப்பில் பால் பொங்கியது. "பாஹலோ, பாஹலோ" என்று கணவரைப் பார்த்துக் கத்தினார். பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் கத்துக்க வேணாம். அங்க வந்து வாயைத் திறக்காம இருந்தாப் போதும். சிரி. அது போதும்."

"சிரிச்சிட்டே இருந்தா பொண்ணோட அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு நினைக்க மாட்டாங்களா?"

"நினைச்சா நினைக்கட்டும். அதட்டறான்னு நினைக்காம இருந்தா சரி."

பஸ் அந்தத் தெருமுனையில் இறக்கிவிட்டது. லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடம். வாசலில் வந்து நின்ற பிறகுதான் கணவருக்குக் கையில் ஏதோ குறைவதுபோல் இருந்தது. அவர் தன் கையாலேயே செய்த கேக், பெட்டியோடு பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

"நீ இங்கயே நில்லும்மா" என்று சொல்லிவிட்டுப் பெண் அப்பாவோடு ஓடினாள். பாதி தூரம் போனவள் திரும்பி வந்தாள். "யார்கிட்டயும் பேசாத." மறுபடி ஓடினாள்.

அக்கா நின்றார். நல்ல பிள்ளையாகத்தான் நின்றார். அப்போதுதான் உள்ளே படிக்கட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கனமான மரம் படி விளிம்பில் 'டக்' என்று உட்காரும் சத்தம். அதைத் தொடர்ந்து பல ஆண்கள் ஒரே நேரத்தில் யோசனை சொல்லும் சத்தம். மீன் விற்கிறவர் பக்கத்தில் பூனையை உட்கார வைத்துவிட்டுப் போன மாதிரி ஆயிற்று. எட்டிப் பார்ப்பதில் என்ன தப்பு என்று அக்கா ஒரு படி ஏறினார். இன்னொரு படியிலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று அதிலும் ஏறினார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஆளுயர அலமாரி ஒன்று சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. மேல்பக்கம் இரண்டு பேர், கீழ்ப்பக்கம் இரண்டு பேர், எல்லோருக்கும் முகம் தக்காளி. புகைப்படத்தில் பார்த்திருந்ததால் அடையாளம் தெரிந்தது. பையனின் அப்பாவும் மூன்று சித்தப்பாக்களும். அவர்களுக்கும் அக்காவை அடையாளம் தெரிந்துவிட்டது. நாலு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டே பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பெண் சொன்னபடி வாய் திறக்காமலே சிரித்தார்.

அலமாரிமேல் பூப்போட்ட போர்வை ஒன்று சுற்றிக் கட்டியிருந்தது. பாவம், இறக்க முடியாமல் திண்டாடுகிறார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு நிறுத்தியிருப்பார். ஆனால் கடைசிச் சித்தப்பாவின் விரல்கள் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்தன. இன்னொரு தள்ளு தள்ளினால் சட்னி.

"ஹீரலோ."

சொன்னது தன் வாய்தானா என்று அக்காவுக்கே சந்தேகம். அதற்குள் அலமாரி அரை வட்டம் திரும்பிவிட்டது. விரல்கள் தப்பின. கடைசிச் சித்தப்பா கண்ணில் நீர் வர நன்றி சொன்னார். ஒரு வார்த்தை வெளியே வந்த பிறகு மீதியை உள்ளே வைத்திருப்பது கஷ்டம். அக்கா கீழே கையைக் காட்டினார்.

"பாஹலோ."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையனின் அப்பா மாடியைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். மேலேயிருந்து எடுத்து வந்ததைச் சொல்கிறார் போலும் என்று அக்கா பரிவாகத் தலையாட்டினார். பிறகு இன்னும் தெளிவாக, "பாஹலோ" என்றார். பையனின் அப்பா முகம் வாடியது. களைப்பு என்று எடுத்துக்கொண்ட அக்கா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கனமான கீழ்ப்பக்கத்தைத் தானே பிடித்தார்.

அந்த அலமாரி இறங்கிய அழகை அந்தக் கட்டடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கப் போவதில்லை. சுவரில் ஒரு கீறல் இல்லை. ஒருவர் காலும் மிதிபடவில்லை. தெருவில் கொண்டுவந்து, நடைபாதை ஓரமாக, வண்டி வந்தால் ஏற்றுவதற்கு வாகாக நிறுத்தினார்கள். அக்கா கையைத் தட்டிக்கொண்டு வண்டியைத் தேடினார். வண்டியைக் காணவில்லை. நாலு ஆண்களும் தலைகுனிந்து நின்றார்கள். இறக்கி முடித்தவர்கள் இப்படி நிற்க மாட்டார்களே என்று அவர் போர்வையை இன்னொரு முறை பார்த்தார்.

எதிரே கேக் பெட்டியோடு கணவர் வந்தார். கூடவே பெண். கடைக்குப் போயிருந்த பையனும் வழியில் அவர்களோடு சேர்ந்துகொண்டிருந்தான். அதே நேரத்தில் கட்டடத்துக்குள்ளிருந்து கையில் ஈரத் துணியோடு கண்ணாடி போட்ட ஒரு குள்ளமான அம்மாள் வந்து நின்றார். அவர்தான் பையனின் அம்மா. தெருவில் நிற்கும் அலமாரியைப் பார்த்தார். ஆண்களைப் பார்த்தார். நாலு பேரும் ஒரே நேரத்தில் அக்காவைக் கை காட்டினார்கள்.

பையனின் அப்பா பையனிடம் மெதுவாகச் சொன்னார். பையன் பெண்ணிடம் சொன்னான். பெண் அம்மாவிடம் வந்தாள். அவள் உதட்டில் ரத்தமே இல்லை.

"என்னம்மா பண்ணின?"

"ஒத்தாசை பண்ணினேன்."

"அது எங்களுக்காக வாங்கினது. எங்க ரூமுக்கு. நாங்க வர்றதுக்குள்ள ஏத்தி வச்சு எங்களை அசத்தணும்னு அவரைக் கடைக்கு அனுப்பிட்டு ஏத்திட்டு இருந்திருக்காங்க. அவங்கம்மா மேல இடத்தைத் துடைச்சு வச்சுக் காத்துட்டு இருந்திருக்காங்க."

"போர்வை போர்த்தியிருந்ததேடி."

"கீறல் விழக் கூடாதுன்னு போர்த்தியிருக்காங்க. உலகம் பூரா உங்க முதலாளியா? இப்ப அவங்க என்ன நினைச்சுட்டாங்க தெரியுமா? பொண்ணோட அம்மாவுக்கு அலமாரி பிடிக்கல, திருப்பி அனுப்பச் சொல்றாங்கன்னு."

அக்கா அந்த அம்மாளைப் பார்த்தார். சொல்வதற்கு நெஞ்சில் ஒரு லாரி நிறைய இருந்தது. வாயில் இருந்ததோ ஆறேழு வார்த்தை. தூக்கு, இறக்கு, திருப்பு, பிடி, விடு, கொண்டா.

"மாப்பிள்ளை, மன்னிப்பு கேக்கறதுக்கு உங்க பாஷைல என்ன?"

பெண் அதை மெதுவாக அவனுக்குச் சொன்னாள். பையன் பதற்றமாக, "அத்தை, சொல்லு. பெர்தோனமெ" என்றான்.

கடைசியில் 'மெ' ஒட்டிக்கொண்டு வந்ததை அக்காவின் காது உடனே பிடித்தது. "அட, இதுவும் கட்டளையா? மன்னிப்பைக்கூடவா அதட்டிக் கேப்பாங்க?"

"நாம மட்டும் என்னவாம்? 'மன்னிச்சிடு'ன்னுதானே சொல்றோம்? சீக்கிரம் சொல்லித் தொலைம்மா."

அக்கா அந்த அம்மாள் முன்னால் போய் நின்றார். ஜன்னலுக்குக் கத்தியே பழகிய குரலை எப்படியோ தேடிப் பிடித்துத் தாழ்த்தினார். "பெர்தோனமெ."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஈரத் துணியை மடித்து இடுப்பில் செருகினார். கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு அக்காவை நேருக்கு நேர் பார்த்து, அழுத்தம் திருத்தமான தமிழில் சொன்னார்.

"தூக்கு."

அந்த அம்மாள் மாடியைக் காட்டினார். "மேல போ."

அக்கா பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "இவங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "நான் அவருக்குச் சொல்லிக்குடுத்தேன். அவரு அம்மாவுக்குச் சொல்லிக்குடுத்திருக்காரு போல."

"ஏண்டி, 'தூக்குங்க'ன்னு சொல்லிக்குடுக்கக் கூடாதா? பெரியவகிட்ட இப்படியா பேசறது?"

"நீயாம்மா கேக்கற?"

அடக்க முடியாமல் முதலில் சிரித்தது அக்காவின் கணவர். கேக் பெட்டி குலுங்கியது. அக்கா நேராக அலமாரியிடம் போனார். முடிச்சை அவிழ்த்துப் போர்வையை உருவினார், மடித்தார், ஏற்றுகிற சாமானுக்குப் போர்வை எதற்கு என்பதுபோலக் கணவர் தோளில் போட்டார். கீழ்ப்பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, "சூபெலோ" என்றார்.

அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தவர்கள்போல நாலு ஆண்களும் பாய்ந்து பிடித்தார்கள். முன்னால் அந்த அம்மாள் பின்னோக்கி ஏறிக்கொண்டே தமிழில் கட்டளை போட்டார். "வா. வா. நில்லு. பாரு." பின்னாலிருந்து அக்கா ஸ்பானிஷில் போட்டார். "ஹீரலோ. சூபெலோ." நடுவில் மாட்டிய ஆண்களுக்கு எந்தக் கட்டளை எந்த மொழியில் யாருக்கு என்றே தெரியவில்லை. இரண்டாம் சித்தப்பா 'நில்லு' என்றதும் ஏறினார், 'சூபெலோ' என்றதும் நின்றார். மாடிதோறும் கதவுகள் திறந்தன. அந்த முகம் பார்க்காத பக்கத்து வீட்டுக்காரிகூட எட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் பையனின் அப்பாவுக்குக் கை வழுக்கியது. அலமாரியின் முழு பாரமும் அக்காவின் பக்கம் ஒரு சாண் இறங்கியது.

"நோ லோ சுவெல்தெஸ்" என்றார் அக்கா.

"விடாத" என்றார் அந்த அம்மாள்.

இரண்டும் ஒரே நொடியில் வந்தன. சொன்னதோடு நிற்காமல் அந்த அம்மாள் எட்டி, தானே ஒரு கையைக் கொடுத்துப் பிடித்தார். அலமாரி நின்றது. அலமாரிக்கு மேலே அந்த அம்மாளின் கண்ணாடி, கீழே அக்காவின் வியர்த்த நெற்றி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெவ்வேறு மொழியில் ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது. முதலில் அந்த அம்மாளின் உதடு துடித்தது. அப்புறம் தோள் குலுங்கியது. சிரிப்பு வந்தால் கையில் பலம் போய்விடும் என்று எந்தச் சாமான் தூக்குபவருக்கும் தெரியும். இருந்தாலும் அக்காவும் சிரித்துவிட்டார். "சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க, விழுந்துடும்" என்று கீழேயிருந்து பெண் கத்தினாள். அந்த அம்மாளுக்கு அது புரியவில்லை, மரியாதையாகச் சொன்னதால்.

'விடாத' என்பது எங்கே கற்ற வார்த்தை என்று அக்கா பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டார். ரோட்டைக் கடக்கும்போது பெண் பையனிடம் சொல்லும் வார்த்தையாம் அது. கையை விடாத.

அலமாரி துடைத்து வைத்த இடத்தில் போய் நின்றது. நாலு ஆண்களும் தரையில் சாய்ந்துவிட்டார்கள். அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவைப் பார்த்து, "உக்காரு" என்றார். கேக்கை வெட்டி நீட்டி, "சாப்பிடு" என்றார். இவ்வளவு அன்பாக ஒருவர் தன்னை அதட்டி அக்காவுக்கு நினைவில்லை. சாப்பிட்டார்.

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சுவரோடு ஒட்டி நின்ற பெண்ணின் பக்கத்தில் போய், அவள் தோளில் கை வைத்து, அக்காவைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் மனதுக்குள் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றார்.

"குடு" என்றார்.

கணவர் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டார். பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இல்லை. "நான் என்ன மேசையா, தூக்கிக் குடுக்க?"

மேசை என்றதும் அக்காவுக்கு வழி கிடைத்துவிட்டது. கப்பி மாட்ட மேலே போகும் மீசைக்காரரிடம் கயிற்றின் நுனியை நீட்டும்போது தினமும் சொல்வதுதான். தோமலோ, இந்தா அதைப் பிடி. மேசைக்கும் பெண்ணுக்கும் மட்டும் வாலை மாற்ற வேண்டும்.

"தோமலா" என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். கொடுத்தால் வாங்காமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கதவோரம் நின்ற பையனை நோக்கிக் கையை நீட்டினார். இப்போது குரல் பழைய நிலைக்கு, நாலாவது மாடி ஜன்னலுக்குக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

"தாமெலோ."

தரையில் கிடந்த நாலு பேரும் துள்ளி எழுந்து அலமாரியைப் பிடித்துக்கொண்டார்கள்.